ஆலா-7: பின்பக்கம் இல்லாத போர்க்கப்பல்

செட் போடுகிற தொழிலில் முதல் பாடம் ஒன்றுதான்: கேமரா பார்க்காத பக்கத்துக்கு ஓர் ஆணிகூட வீணாக்காதே.

கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோல் யானை நிறுத்துகிறவர்களுக்கும், பொருட்காட்சியில் அட்டைக் கோட்டை கட்டுகிறவர்களுக்கும் இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கூட்டம். முன்னால் பளபளப்பு, பின்னால் சவுக்குக் கட்டை. என் பெயர் ஏழுமலை, ஊர் வெள்ளானூர், சினிமாவுக்குச் செட் போடும் மேஸ்திரி. கோர்ட்டு, ஜெயில், ஆஸ்பத்திரி, அரண்மனை எல்லாம் கட்டியிருக்கிறேன். ஒரே ஒரு போர்க்கப்பலும் கட்டினேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அவ்வளவு வெட்கம். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளே கிடந்து அரிக்கிறது. அதனால் உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

எந்த நாட்டுக் கப்பல்?

அது ஒரு வெப் சீரீஸ். கடற்படைக் கதை. நிஜக் கடற்படையைக் காட்டினால் அனுமதி, கடிதம், ஆட்சேபம் என்று அலைய வேண்டுமே என்று டைரக்டர் சொந்தமாக ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார். பெயர் வருணியா. அந்த வருணியாவின் கடற்படையில் சின்னதாக ஒரு ரோந்துக் கப்பல். கடலுக்கடியில் ஒளிந்து வருகிற நீர்மூழ்கியை ஒலி அனுப்பித் தேடிக் கண்டுபிடித்து, தண்ணீருக்குள் குண்டு போட்டு விரட்டுவது அதன் வேலை. கப்பலுக்கு ஆலா-7 என்று பெயர். ஆலா என்பது கடற்பறவையாம். மற்ற ஆறு ஆலாக்கள் எங்கே என்று கேட்டேன். கதை ஆரம்பிப்பதற்குள் மூழ்கிவிட்டனவாம்.

குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு பொட்டல் மனையில் கட்டினோம். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாற வேண்டும். சவுக்குக் கட்டையில் சாரம், அதன்மேல் ப்ளைவுட், தரையிலிருந்து எட்டடி உயரத்தில் மேல்தளம், அதற்கும் மேலே கேப்டன் நிற்கிற கண்ணாடி அறை. என்னோடு எப்போதும் வேலை செய்கிற பெயிண்டர் லூர்து, ஆவடிக்காரன், நாள் முழுக்க ஏணியில் நின்று சாம்பல் பெயிண்ட் அடித்தான். வருணியாவின் கொடியில் என்ன வரைவது என்று டைரக்டரைக் கேட்டதற்கு, "ஏதாவது கம்பீரமா" என்றார். லூர்து ஒரு நண்டு வரைந்தான். டைரக்டருக்கு அது பிடித்தும் போனது. சாயந்திரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"இல்லாத நாடு, இல்லாத கடலு, இல்லாத கப்பலு... முதுகு வலி மட்டும் நெஜமா கீது மாமே."

நீர்மூழ்கிக்குப் போடும் குண்டு

தண்ணீருக்குள் போடும் குண்டு பீப்பாய் மாதிரி இருக்கும் என்று டைரக்டர் ஒரு படம் காட்டினார். பீப்பாய்தானே என்று நீல பிளாஸ்டிக் டிரம் பத்து வாங்கி, மூடியில் போல்ட் ஒட்டி, சாம்பல் அடித்து, மஞ்சளில் எண் எழுதி அடுக்கிவிட்டோம். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று பீடி பிடிக்கக் கூடாது என்று வாட்ச்மேனே ஒருவரைத் துரத்தினார்.

ஆனால் எங்களுக்கு டீ கொடுத்த தனம்மாவை ஏமாற்ற முடியவில்லை. டிரம்மைத் தட்டிப் பார்த்தார், மூடியைத் திருகிப் பார்த்தார், உள்ளே எட்டியும் பார்த்தார். ஒரு நாட்டின் ஆயுதக் கிடங்கை இப்படிச் சோதிக்கலாமா என்று நான் விறைப்பாகக் கேட்டதற்கு, அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது:

"சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம் ரெண்டு குண்டு எனுக்கு எத்து வையி நைனா, ஊட்ல தண்ணி புடிச்சு வெக்க ஒண்ணுமில்ல."

பருத்திப்பட்டிலிருந்து வந்தவர்

கப்பல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல, கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பருத்திப்பட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான பேச்சு. இப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் பல வருஷம் ஒலி கேட்கிற வேலையில் இருந்தாராம். நான் பெருமையோடு முன்பக்கத்தைக் காட்டினேன், பீரங்கியைக் காட்டினேன், கிரைண்டர் மோட்டாரில் சுற்றுகிற ரேடாரைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பின்பக்கம் போலாமா?" என்றார்.

பின்பக்கம் ஏது? கேமரா முன்னால்தான் வைக்கப்போகிறார்கள் என்பதால் முக்கால் கப்பலோடு நிறுத்தியிருந்தோம். அதற்கப்புறம் சாரக் கட்டையும் வேலிக்காத்தானும்தான். குண்டு டிரம்களையும் முன்பக்கத்தில்தான் அடுக்கியிருந்தேன், அழகாகத் தெரியட்டும் என்று. மனிதர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. இந்தக் குண்டைக் கப்பலின் வால்பக்கத்திலிருந்துதான் உருட்டிவிடுவார்கள், போட்டவுடன் அந்த இடத்தை விட்டு வேகமாக விலகிவிட வேண்டும் என்று நிதானமாக விளக்கிவிட்டு, என் தோளில் கை வைத்துக் கேட்டார்:

"முன்னாடி குண்டு போட்டுட்டு, அது மேலேயே கப்பல ஓட்டிட்டுப் போவீங்களா தம்பி?"

நண்டுக்கு வணக்கம்

எங்கள் கப்பலுக்கு மழை ஆகாது. இரண்டு தூறல் விழுந்தால் ப்ளைவுட் உப்பிவிடும். வானம் கறுத்தாலே போர்வீரர்கள் எல்லோரும் ஓடி வந்து கப்பலைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். தண்ணீரைக் கண்டு பயந்து முக்காடு போட்டுக்கொண்ட போர்க்கப்பல் அது.

அந்த வீரர்களில் ஒருவர்தான் கன்னியப்பன். அம்பத்தூர்க்காரர், வயது ஐம்பத்தெட்டு. லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டதால் துணை நடிகராக வந்தவர். கூட்டத்தில் ஒருவராக ஓடுவது, நிற்பது, திரும்பிப் பார்ப்பதுதான் வேலை. மற்றவர்கள் யூனிபார்மை மாட்டிக்கொண்டு நிழலில் படுத்துவிடுவார்கள். இவர் மட்டும் காலையில் மேல்தளம் ஏறியதும் அந்த நண்டுக் கொடிக்கு நிமிர்ந்து நின்று சல்யூட் அடிப்பார். நண்டுக்குப் போய் இவ்வளவு மரியாதையா அண்ணே என்று கிண்டல் செய்தேன். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைச் சரி செய்தபடியே சொன்னார்:

"கொடியில இன்னா இருந்தா இன்னா மேஸ்திரி, ட்ரெஸ்ஸு மாட்டிக்கினா அதுக்கு உண்டான மரியாதைய குடுக்கணுமில்ல?"

சிவப்பு டேப்

இனிமேல் சிரிப்புக் குறையும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

செட்டில் சில பொருள்கள் எடை தாங்காது. பார்ப்பதற்கு இரும்பு மாதிரி இருக்கும், சாய்ந்தால் கையோடு வரும். நாங்கள் அதை டம்மி என்போம். எது டம்மி என்று தெரிய, அதில் சிவப்பு டேப் சுற்றி வைப்பது எங்கள் கூட்டத்தின் வழக்கம். ஆலா-7-இன் மேல்தளம் முழுக்க இரும்புக் கைப்பிடிக் கம்பிதான், வெல்டிங் போட்டது. ஆனால் ஓரிடத்தில் ஆறடிக்கு மட்டும் கேமராவை உள்ளே தள்ள வேண்டும், கழற்றி மாட்டும்படி வேண்டும் என்றார்கள். அந்த ஆறடிக்கு பிவிசி பைப்பைச் சும்மா சொருகி, பெயிண்ட் அடித்து, டேப் சுற்றினேன்.

டேப் கேமராவில் தெரியும் என்றால் பிரிக்கத்தான் வேண்டும். அதற்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்: டேப்பைப் பிரித்தவன் அங்கேயே நிற்க வேண்டும், பக்கத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் "டம்மி, சாயாதே" என்று சொல்ல வேண்டும், ஷாட் முடிந்ததும் திரும்பச் சுற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். இதை ஆட்களுக்கு நான் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்து கேட்டான்:

"ஊருக்கெல்லாம் ரூலு போடறியே, உனுக்கும் அதே ரூலுதானே மாமே?"

தொப்பி

அன்றைக்கு முக்கியமான காட்சி. நீர்மூழ்கி அருகில் வந்துவிட்டது என்று மணி அடிக்கும், வீரர்கள் ஓடி வந்து கடலைப் பார்ப்பார்கள். கடல் என்பது கப்பலுக்குக் கீழே தரையில் விரித்த பச்சைத் துணி. தண்ணீரை அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்கள். கேமராமேன் கீழிருந்து பார்த்துவிட்டு, கம்பியில் சிவப்பாக ஏதோ தெரிகிறது என்றார். நான் மேலே போய் டேப்பைப் பிரித்தேன். பிரித்துக்கொண்டிருக்கும்போதே அசோசியேட் டைரக்டர் ஓடி வந்தார். கேப்டன் பக்கத்தில் நிற்க வேண்டிய இரண்டாவது அதிகாரி வரவில்லையாம். "மேஸ்திரி, உங்க மீசை நல்லா இருக்கு. சும்மா நின்னா போதும்" என்றார்.

இருபது வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்றவனிடம் முன்னால் வந்து நில் என்றால் என்ன ஆகும்? டேப்பை உருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், காஸ்ட்யூம் வேனுக்கு ஓடினேன். வெள்ளை யூனிபார்ம் தொப்பையில் ஏறவில்லை. முதுகுப் பக்கத்தைக் கிழித்து ஊக்கு குத்திவிட்டார்கள். கேமரா முன்னால்தானே பார்க்கப்போகிறது. தொப்பியை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து மனைவி கலாவுக்கு அனுப்பினேன். கம்பி பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டிய நேரம் அது. அவள் குரல் பதிவு அனுப்பினாள், பின்னால் குக்கர் சத்தத்தோடு:

"இன்னா, இனிமே ஊட்டுக்கு வந்தா நான் சல்யூட் அடிக்கணுமா?"

மூன்று விநாடி

கண்ணாடி அறையில், இரண்டாவது கேமராவுக்கு முன்னால், கேப்டனுக்குப் பக்கத்தில் மார்பை நிமிர்த்தி நின்றேன். எங்களுக்குக் கீழே மேல்தளம் முழுதும் தெரிந்தது. டேக் என்றார்கள். மணி அடித்தது. வீரர்கள் ஓடி வந்தார்கள். எல்லோரும் வந்து நின்று பச்சைத் துணியைப் பார்த்தார்கள். கன்னியப்பன் மட்டும் கடலைப் பார்த்தார். தண்ணீருக்குள் ஏதோ கறுப்பாக நகர்வதைக் கண்டவர் மாதிரி முகம் மாறியது. கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தார். அந்த ஆறடிக் கம்பியை.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் பார்த்தேன். அவர் கை வைத்ததிலிருந்து உடம்பைச் சாய்க்கிற வரை மூன்று விநாடி இருக்கும். "அண்ணே!" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் டேக் ஓடும்போது செட்டில் இருமக்கூடக் கூடாது என்பது இருபது வருஷப் பழக்கம். அதைவிடக் கேவலமான இன்னொன்றும் உண்டு: என் முகம் முதல்முறையாகக் கேமராவில் ஓடிக்கொண்டிருந்தது, அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வாய் வரை வந்ததை விழுங்கினேன். பைப் பிடுங்கிக்கொண்டது. பச்சைத் துணிக்கு மேல் அவர் விழுந்த சத்தம், துணிக்குக் கீழே கட்டாந்தரை என்பதை எல்லோருக்கும் சொன்னது.

வலது தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. காரில் ஏற்றிப் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கார் போன பிறகு யூனிட் முழுக்க உடைந்த இடத்தைச் சுற்றி நின்றது. டேப் உருண்டை என் பேன்ட் பைக்குள் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது. அசோசியேட் டைரக்டர் பைப் துண்டைக் கையில் எடுத்துச் சுற்றிலும் பார்த்துக் கேட்டார்:

"அவர யாரு சாயச் சொன்னது?"

நான்கு ஆப்பிள்

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, நான்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக. தோளில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி செல்வி, யூனிட்டிலிருந்து வீடு தேடி வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி, ஓடிப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

"அண்ணே, அந்தக் கம்பி..." என்று ஆரம்பித்தேன். அவர் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசியதைக் கேட்டதும் விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். படி இறங்கி வந்து தெருமுனையில் வண்டியை நிறுத்தி, என்னை நானே அசிங்கமாகத் திட்டிக்கொண்டேன். ஏனென்றால் அவர் என்னிடம் சொன்னது இது:

"மன்னிச்சுக்க மேஸ்திரி. அவ்ளோ பாடுபட்டு நீ கட்டினே, நான் கூறுகெட்டுப் போய் சாஞ்சு உன் கப்பல ஒடச்சிட்டேன்."

பூசணிக்காய்

அடுத்த வாரம் லூர்து ஒரு செய்தி சொன்னான். துணை நடிகர்களை அனுப்புகிற ஏஜென்ட், கன்னியப்பனைத் தன் வாட்ஸப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாராம். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கத் தெரியாத ஆள் என்று பெயர் கட்டிவிட்டார்களாம். நம் தொழிலில் உள்ளவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒரு துணை நடிகருக்கு வேறு எந்தத் திறமையும் வேண்டாம், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். அது இல்லை என்று சொல்லிவிட்டால் எந்தப் படத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். அந்த வயதில் அவருக்கு வேறு வேலையும் கிடைக்காது. அவருடைய பிழைப்பு என் வாய்க்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்து, வழக்கப்படி பூசணிக்காய் உடைக்க யூனிட் முழுக்கக் கூடியது. ஏஜென்ட்டும் இருந்தார். கற்பூரம் ஏற்றும்போது முன்னால் போய்ச் சொன்னேன். அந்தக் கம்பி டம்மி, டேப்பைப் பிரித்தது நான், யாரிடமும் சொல்லாமல் தொப்பி மாட்டிக்கொள்ள ஓடியது நான், கன்னியப்பன்மேல் தப்பே இல்லை என்று. மூன்று விநாடியைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கு அன்றைக்கும் தைரியம் வரவில்லை. ஏஜென்ட் தலையைக் குனிந்து போனை எடுத்து, அங்கேயே அவரைக் குரூப்பில் சேர்த்தார். எனக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை கொடுத்துவந்த ஆர்ட் டைரக்டர், கற்பூரம் அணைகிற வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த படத்துக்கு நான் வேற மேஸ்திரி பாத்துக்கறேன், நீ கொஞ்ச நாள் ஊட்ல இரு."

இரண்டாம் தடவை

மறுநாளே அம்பத்தூர் போனேன். ஆப்பிள் எல்லாம் வாங்கவில்லை. செல்வியம்மாவையும் உட்காரச் சொல்லிவிட்டு, டேப்பைப் பற்றிச் சொன்னேன். கன்னியப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். தொழில் என்றால் மறதி வரத்தான் செய்யும், லேத்தில் தானும் ஒருமுறை இப்படிச் செய்திருப்பதாகச் சொன்னார். செல்வியம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் போனது சரிதான்.

அதோடு கிளம்பியிருந்தால் தப்பித்திருப்பேன். வாசல்வரை வந்தும்விட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு, "நீ மேல கண்ணாடி ரூம்ல நின்னுகினு இருந்தே இல்ல? நான் கை வெச்சத பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். மனிதர் திட்டவில்லை. கட்டுப் போட்ட தோளைப் பார்த்தார். அப்புறம், ஏதோ சின்ன யோசனை சொல்கிற மாதிரி சொன்னார்:

"ஒரு கொரல் குடுத்திருந்தா நின்னுட்டிருப்பேனே மேஸ்திரி."

ரிலீஸ்

சீரீஸ் வெளியானது. கன்னியப்பனுக்கு மறுபடி வேலை வருகிறது. கை தோளுக்கு மேல் எழும்பாததால், கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டம், சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டம், இந்த மாதிரிதான் கூப்பிடுகிறார்கள். என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வதில்லை. திருப்பிக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். நான் இப்போது ஆவடியில் கல்யாண மண்டபங்களுக்கு வாசல் அலங்காரம் செய்கிறேன்.

அந்த டேக்கை வீணாக்காமல் சேர்த்துவிட்டார்கள். மணி அடிக்கிறது, வீரர்கள் ஓடுகிறார்கள், கன்னியப்பன் கடலைப் பார்த்துக் கையை நீட்டுகிறார். அங்கே வெட்டி, கண்ணாடி அறையில் நிற்கிற என் முகத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். கன்னத்தில் ஒரு நரம்புகூட அசையவில்லை. அந்த முகம் எந்த நேரத்து முகம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், உங்களுக்கும் இப்போது தெரியும். வெள்ளானூரில் பாதிப் பேர் போன் செய்து பாராட்டினார்கள். கலாவின் தம்பி வீட்டுக்கே வந்து, என் கையைக் குலுக்கிச் சொன்னான்:

"எல்லாரும் ஓடறான், எட்டிப் பாக்கறான், நீ மட்டும் ஆடாம அசையாம நின்னே பாரு மாமா, நெஜ ஆபீசரே பிச்ச வாங்கணும்!"

கடலுக்கடியில் ஒளிந்து வருகிறவனையே கண்டுபிடித்து எச்சரிக்கிற கப்பலில், கண்ணெதிரே விழப்போகிற ஆளைப் பார்த்தும் வாய் திறக்காமல் நின்று பாராட்டு வாங்கிய ஒரே அதிகாரி, வருணியா நாட்டிலும் சரி நம் நாட்டிலும் சரி, நானாகத்தான் இருப்பேன்.